காவ்சியுங் மாடியில் ஒரு வாளித் தண்ணீர்

“பொண்ணு இப்ப எங்க இருக்கா?”

ஃப்ரீமான்ட் மௌரி அவென்யூவில் நான் வழக்கமாகப் போகும் இந்தியக் கடை. இரண்டு மாதம் முன்னால் ஒரு சனிக்கிழமை. முருங்கைக்காயை வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டது எங்கள் தெருவில் மூன்று வீடு தள்ளி இருக்கும் ஆன்ட்டி.

“தாய்வான்ல இருக்கா ஆன்ட்டி. அடுத்த வாரம் நாங்க அங்க போறோம்.”

“ஓ, நல்ல ஊராச்சே. நாங்களும் போயிருக்கோம். பாங்காக்ல மறக்காம மசாஜ் பண்ணிக்கோ.”

தாய்வான் வேறு, தாய்லாந்து வேறு என்று சொல்ல வாயைத் திறந்தேன். பின்னால் கூடையோடு மூன்று பேர் நின்றார்கள். “சரிங்க ஆன்ட்டி” என்று நகர்ந்துவிட்டேன். அவரைக் குறை சொல்ல எனக்கும் யோக்கியதை இல்லை. இரண்டு வருஷம் முன்பு வரை, தாய்வானைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் வீட்டில் இருக்கும் பாதி சாமான்களின் அடியில் எழுதியிருக்கும் பெயர் என்பதுதான்.

அந்தப் பெயரை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தவள் நித்யா. எங்கள் ஒரே மகள். ஃப்ரீமான்ட்டில் பிறந்து, நான் தமிழில் கேட்கும் அத்தனை கேள்விகளுக்கும் பாதி ஆங்கிலத்தில் பதில் சொல்லியே இருபத்தாறு வயதை எட்டியவள். படித்தது சிவில் இன்ஜினியரிங். தாய்வான் கடலில் ராட்சசக் காற்றாலைகளை நடுகிறார்கள். அதைத் தாங்க இரும்புக் கால்கள் வேண்டும். அந்தக் கால்களில் வெல்டிங் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஆள் வேண்டும். ஆறு மாச வேலை என்று சொல்லிக் கிளம்பினாள். ஆறு மாசம் ஒரு வருஷமானது. ஒரு வருஷம் இரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது.

“ஆறு மாசம்னுதானே சொன்னா?” என்று என் கணவர் சுந்தர் தினமும் காலையில் காபி குடிக்கும்போது ஒரு தடவை கேட்பார். என்னைக் கேட்கிறாரா, காபியைக் கேட்கிறாரா என்று தெரியாது.

கடைசியில் அவரே ஒரு பிளான் போட்டார். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ப்ளெசன்டனில் அவருடைய நண்பர் ஒருவர் இன்ஜினியரிங் கம்பெனி நடத்துகிறார். அங்கே ஒரு இடம் காலி. நித்யாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவளுக்காகப் பேசி வைத்துவிட்டார்.

“ஃபோன்ல சொன்னா கட் பண்ணிடுவா. நேர்ல போய்ப் பக்குவமா சொல்லி, கையோட கூட்டிட்டு வந்துடலாம்.”

கையோடு கூட்டிவர அவள் என்ன லைப்ரரி புத்தகமா? அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எனக்கும் உள்ளுக்குள் அதே ஆசைதான்.

காவ்சியுங் தாய்வானின் தெற்கு முனைப் பக்கம் இருக்கும் பெரிய துறைமுக நகரம். தைபே பக்கத்தில் விமானம் இறங்கி, அங்கிருந்து புல்லட் ரயில். ஸ்டேஷன் வாசலில் நித்யா நின்றிருந்தாள். முகம் வெயிலில் கறுத்து, முடியைக் கழுத்தளவு வெட்டி... இதெல்லாம் வீடியோ காலில் பார்த்ததுதான். ஆனாலும் நேரில் கட்டிப்பிடித்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. மெலிந்திருந்தாள்.

“டயட்டா?”

“ஐ வாக் அ லாட், அம்மா.”

டாக்ஸியில் ஏறியதும் அவளுக்கும் டிரைவருக்கும் பேச்சு ஆரம்பித்தது. சீன மொழியில். இரண்டு பேரும் கையை ஆட்டி, குரலை உயர்த்தி, நடுவில் சிரித்து... தமிழில் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசு என்றால் பல்வலி வந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளும் என் பெண், நிறுத்தாமல் பத்து நிமிஷம் பேசினாள்.

சுந்தர் என் காதில் சொன்னார். “நல்லா சண்டை போடறா.”

“சண்டை இல்லப்பா. எந்தக் கடையில நூடுல்ஸ் நல்லா இருக்கும்னு சொல்றார்.”

வீடு துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய தெருவில். கீழே ஷட்டர் இறக்கிய கடை. ஒரு காலத்தில் கப்பல்களுக்குக் கயிறு விற்றார்களாம். அதற்கு மேல் வீட்டுக்கார அம்மா. அதற்கும் மேலே நித்யா. உச்சியில் மொட்டை மாடி, நிறைய பூந்தொட்டிகள்.

வீட்டுக்கார அம்மா எங்களுக்காகப் படியில் காத்திருந்தார். எழுபதைத் தாண்டியவர். குள்ளம். கிராப் வெட்டிய நரைமுடி. நித்யா அவரிடம் சீன மொழியில் என்னவோ சொன்னாள். அதில் ஒரு வார்த்தை எனக்குத் தெளிவாகக் கேட்டது.

“ஆயி.”

நாமக்கல் பக்கம் எங்கள் சொந்தத்தில் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பதினாலு மணி நேர விமானம், இரண்டு மணி நேர ரயில், அதற்கு மேல் இது.

“யாரைடி ஆயிங்கறே?”

“அம்மா, இந்த ஊர் பாஷையில ஆயின்னா ஆன்ட்டி. ரிலாக்ஸ்.”

ரிலாக்ஸ் பண்ண இரண்டு நாள் ஆனது. உண்மையைச் சொன்னால், ஆகவே இல்லை. சென் ஆயி — அதுதான் அவர் பெயர், குடும்பப் பெயர் சென் — தினமும் சாயங்காலம் தட்டில் கொய்யாவை நறுக்கி, அதில் பிளம் பொடி தூவி நித்யாவிடம் மேலே கொடுத்தனுப்புவார். நித்யாவின் ஹெல்மெட்டை வெயிலில் காயவைப்பார். ஒரு நாள் சூப் கொடுத்தார். எங்கள் இரண்டு கிண்ணத்திலும் பச்சை வெங்காயம் தூவியிருந்தது. நித்யாவின் கிண்ணத்தில் இல்லை. அவள் பச்சை வெங்காயத்தை ஒதுக்குவாள் என்பது உலகத்தில் எனக்கு மட்டும் தெரிந்த விஷயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் சாயங்காலம் தெருவில் பியானோ இசை கேட்டது. “ஐஸ்கிரீம் வண்டி வந்திருக்கு” என்றேன். நித்யா இரண்டு பைகளைத் தூக்கிக்கொண்டு படியில் தடதடவென்று ஓடினாள். ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். மஞ்சள் நிறத்தில் ஒரு குப்பை லாரி. தெருவே கையில் பையோடு வாசலில் நின்றது. லாரி நிற்பதற்குள் குப்பையை அவரவரே போட வேண்டுமாம். போட்டுவிட்டு ஐந்து நிமிஷம் நின்று ஊர்க்கதை பேசுகிறார்கள். ஃப்ரீமான்ட்டில் எதிர் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்து எத்தனை மாசம் ஆயிற்று என்று யோசித்தேன். அவருடைய குப்பைத் தொட்டியை மட்டும் வாராவாரம் பார்க்கிறேன்.

“ரெண்டு பை எதுக்கு?” என்று கேட்டேன்.

“ஒண்ணு ஆயியோடது. அவங்களுக்குப் படி இறங்கக் கஷ்டம்.”

அவ்வளவுதான் சொன்னாள். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

சனிக்கிழமை எங்களை சீஜின் என்ற தீவுக்குக் கூட்டிப்போனாள். தீவு என்றால் பெரிய பயணமெல்லாம் இல்லை. ஃபெரியில் ஏறி, உட்கார இடம் தேடுவதற்குள் கரை வந்துவிடுகிறது. கீழ்த்தளத்தில் ஸ்கூட்டர்கள், மேல்தளத்தில் மனுஷர்கள். நடுவில் ஒரு கன்டெய்னர் கப்பல் எங்களைக் கடந்து போனது. கப்பல் மாதிரியே இல்லை. ஒரு தெரு நகர்ந்து போகிற மாதிரி இருந்தது. சுந்தர் வாயைத் திறந்தபடி பார்த்தார். அன்றிலிருந்து தினமும் துறைமுகத்துக்குப் போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கப்பல் பார்ப்பது அவருக்கு வேலையாகிவிட்டது.

“எப்ப சொல்லப் போறீங்க?” என்று கேட்டேன். ப்ளெசன்டன் விஷயம்.

“அவ நல்ல மூடுல இருக்கா. இப்ப எதுக்கு கெடுக்கணும்?”

மறுநாள் காரை வாடகைக்கு எடுத்து, ஊருக்கு வடக்கே கடற்கரை ஓரமாகக் கூட்டிப்போனாள். வழியெல்லாம் மீன் பண்ணைகள். முடிவில் ஒரு துறைமுகமும் வேலி போட்ட, அவள் வேலை பார்க்கும் பெரிய யார்டும். உள்ளே எங்களை விடமாட்டார்கள். வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். கோபுர உயரத்துக்கு இரும்புக் கால்கள், குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள் கோத்து, தலையில் மட்டும் பளீர் மஞ்சள் பெயின்ட் அடித்து வரிசையாக நின்றன. இதுவரை ‘வெல்டிங் செக் பண்றா’ என்றுதான் உறவினர்களிடம் சொல்லிவந்தேன். ஏதோ கிரில் கேட் சைஸில் நினைத்திருந்தேன் போல.

“அதோ, லெஃப்ட்ல இருந்து மூணாவது. அதை நான் ரிஜெக்ட் பண்ணேன்” என்றாள்.

“ரிஜெக்டா? அவ்ளோ பெருசையா?” என்றார் சுந்தர்.

“ஒரு ஜாயின்ட்ல கிராக் இருந்தது. தலைமுடி சைஸ். எல்லாரும் பரவாயில்லைன்னாங்க. நான் சைன் பண்ணலை. மூணு வாரம் யாரும் என்கூட லஞ்ச் சாப்பிடலை. தென் தே ஃபிக்ஸ்டு இட்.”

சுந்தர் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அந்த மூணாவது காலையே பார்த்தார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் தனியாக இருக்கும்போது கேட்டேன்.

“இன்னிக்காவது சொல்லியிருக்கலாமே?”

“எப்படிச் சொல்றது? ப்ளெசன்டன்ல அந்த வேலை அப்பார்ட்மென்ட் பார்க்கிங் லாட்டுக்கு டிராயிங் போடறது.”

பிளான் அத்தோடு முடிந்தது. யாரும் அறிவிக்கவில்லை. தானாகவே முடிந்தது.

புதன்கிழமை. நித்யா வேலைக்குப் போயிருந்தாள். சுந்தர் தன் பெஞ்சுக்குப் போயிருந்தார். சும்மா இருக்க முடியாமல் மொட்டை மாடிக்குப் போய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். மறுநாளைக்கும் இருக்கட்டும் என்று ஒரு வாளி நிறையப் பிடித்து ஓரமாக வைத்தேன்.

அரை மணி நேரத்தில் சென் ஆயி மேலே வந்தார். பக்கவாட்டாக, ஒவ்வொரு படியாக, இடது கையால் கைப்பிடியைப் பிடித்தபடி. வாளியைப் பார்த்தார். சீன மொழியில் கத்தினார். காலால் ஒரே தள்ளு. வாளி உருண்டு தண்ணீர் முழுக்க என் காலில்.

எனக்கு சுர்ரென்று ஏறியது. உதவி பண்ணினால் இதுவா மரியாதை?

அவர் சட்டைப்பையிலிருந்து ஃபோனை எடுத்து அதில் பேசினார். மொழிபெயர்க்கும் ஆப். ஒரு பெண் குரல் எழுத்துக் கூட்டிப் படிக்கும் தமிழில் சொன்னது.

“தண்ணீர் வைக்காதே. கொசு பிறக்கும். கொசு உன் மகளைச் சாப்பிட்டது.”

சாப்பிட்டதா? அவர் மறுபடி பேசினார்.

“டெங்கு. மருத்துவமனை. ஒன்பது நாள். நான் கஞ்சி.”

நான் கஞ்சி... மெஷின் தமிழ்தான். இலக்கணம் இல்லை, வினை இல்லை. ஆனால் எனக்கு முழுசாகப் புரிந்தது. அவர் கையைக் குவித்து ஸ்பூனால் ஊட்டுவது போலக் காட்டினார். அப்போதுதான் என் முகத்தைக் கவனித்தார். எனக்குத் தெரியாத விஷயத்தைச் சொல்லிவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. ஃபோனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, என் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டு இறங்கிப் போனார்.

நான் ஈரக் காலோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஸ்டேஷனில் கட்டிப்பிடித்தபோது கைக்குத் தட்டுப்பட்ட எலும்பு... நடந்து நடந்து மெலிந்ததாம்.

நித்யா ஆறு மணிக்கு வந்தாள். ஷூவைக்கூடக் கழற்ற விடவில்லை.

“உனக்கு டெங்கு வந்துச்சா?”

அவள் கீழ் வீட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். “ஆயி சொன்னாங்களா?”

“ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில இருந்திருக்கே.”

“ஃபைவ். மீதி நாலு நாள் ஆயி வீட்ல. அது லாஸ்ட் ஆகஸ்ட். இட்ஸ் ஓவர், அம்மா.”

“பெத்தவகிட்ட ஒரு வார்த்தை சொல்லலை நீ.”

“சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பே?”

“அடுத்த ஃபிளைட்ல வந்திருப்பேன்.”

“எக்ஸாக்ட்லி.”

“வந்தா என்ன? நான் வரக்கூடாதா? யாரோ ஒருத்தங்க உனக்குக் கஞ்சி ஊட்டியிருக்காங்க, நான் ஃப்ரீமான்ட்ல உட்கார்ந்து டிவி பார்த்துட்டு இருந்திருக்கேன். எனக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சியா?”

அப்போதுதான் சுந்தர், ஜன்னல் ஓரமாக நின்று வெளியே பார்த்துக்கொண்டே, மெதுவாகச் சொன்னார்.

“விடு. நாமளும்தான் சொல்லலை.”

நித்யா என்னைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

“என்ன சொல்லலை?”

முப்பது வருஷமாக இந்த மனிதரோடு குடித்தனம் நடத்துகிறேன். வாயைத் திறக்க வேண்டிய நேரத்தில் திறக்க மாட்டார். மூட வேண்டிய நேரத்தில்தான் திறப்பார்.

“ஒண்ணுமில்ல கண்ணு. சின்னதா ஒரு ஸ்டென்ட்” என்றார். “நெஞ்சு கொஞ்சம் வலிச்சது. அம்மா உடனே கூட்டிட்டுப் போயிட்டா. மூணு நாள்தான்.”

“எப்போ?”

அவர் யோசித்தார். நானும் யோசித்தேன். அப்புறம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். போன ஆகஸ்ட்.

நித்யா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். மூன்று பேருமாகத் தேதியைக் கணக்குப் போட்டோம். எங்கள் வாராந்திர வீடியோ கால் எங்களுக்குச் சனிக்கிழமை சாயங்காலம், அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை. அந்த ஒரு வாரம் மட்டும் வீடியோ இல்லாமல் வெறும் ஆடியோவில் பேசினோம். கேமரா வேலை செய்யவில்லை என்று அவள்தான் சொன்னாள். எங்களுக்கு அப்பாடா என்றிருந்தது. ஏனென்றால் சுந்தர் அப்போது கையில் டியூப் சொருகி, பின்பக்கம் முடிச்சுப் போடும் ஆஸ்பத்திரி கவுனில் படுத்திருந்தார். அவளும் அங்கே அதே கோலத்தில் படுத்திருந்திருக்கிறாள்.

“நல்லா இருக்கியா கண்ணு?” என்று இவர் கேட்டார். “ஐ ஆம் குட். நீங்க?” என்று அவள் கேட்டாள். “சூப்பரா இருக்கோம்” என்று நான் சொன்னேன். இரண்டு ஆஸ்பத்திரிகள், மூன்று பொய்கள், எட்டு நிமிஷ கால்.

முதலில் சிரித்தது நித்யாதான். அப்புறம் அதே முகத்தோடு அழ ஆரம்பித்தாள். சின்ன வயதில் அழுகிற மாதிரி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. அப்பாவின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். “யூ குட் ஹேவ் டைட்... அப்பா, நீங்க செத்திருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்?” அவரும் அழுதார். நான் ஏற்கெனவே மாடியில் அழுது முடித்துவிட்டதால் மூன்று பேருக்கும் சாதம் வைத்தேன்.

மறுநாள் காலை ரசம் வைத்து எடுத்துக்கொண்டு கீழே போனேன். நன்றி சொல்ல வேறென்ன வழி? ஆப்பில் நன்றி என்று சொன்னால் அது என்னவாகப் போய்ச் சேருமோ. சென் ஆயி குடித்தார். காரம் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனாலும் முழுசாகக் குடித்தார். இடது கையால். அப்போதுதான் பார்த்தேன். வலது மணிக்கட்டு வீங்கி, விரல்கள் சரியாக மடங்கவில்லை.

என்ன ஆயிற்று என்று சைகையில் கேட்டேன். மறுபடி ஆப்போடு ஃபோனை எடுத்தார். மூன்று மாதம் முன்பு குப்பை வண்டியின் பியானோ கேட்டு அவசரமாக இறங்கும்போது படியில் விழுந்திருக்கிறார். மணிக்கட்டு எலும்பு முறிவு. முழங்காலிலும் அடி. அன்றிலிருந்துதான் நித்யா அவர் குப்பையையும் எடுத்துப் போகிறாள்.

உங்களுக்குப் பிள்ளைகள்? என்று கேட்டேன். ஒரே மகன். கெவின். இப்போது நித்யா இருப்பது அவனுடைய அறைதானாம். ஃபோனில் படம் காட்டினார். ஒரு வீட்டின் முன்னால் மகன், மருமகள், இரண்டு குழந்தைகள். அந்த கராஜ் கதவும் அந்தப் புல்வெளியும் எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது.

எந்த ஊர்?

அவர் வாயாலேயே சொன்னார். “மில்பிடாஸ்.”

எங்கள் வீட்டிலிருந்து பதினைந்து நிமிஷம். டிராஃபிக் இருந்தால் நாற்பது.

நான் அதைச் சொன்னதும் அவர் முகம் மாறியதை எப்படி எழுதுவது? எழுந்து உள்ளே போனார். காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலத்தோடு வந்தார். மீன் முட்டையை உப்புப் போட்டு அழுத்திக் காயவைத்த கருவாடு. அந்தப் பக்கத்துக் கடலோர ஊர்களின் விசேஷம். மகனுக்குப் பிடிக்குமாம். என் கையில் வைத்து, மேலே தன் இடது கையை வைத்து அழுத்தினார். அப்புறம் ஃபோனில் பேசினார்.

“மகனிடம் விழுந்ததைச் சொல்லாதே. அவன் பறந்து வருவான். வேலை கெடும். அம்மா நலம் என்று சொல்.”

தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

கிளம்பும் நாள் ஸ்டேஷனில் நித்யா அப்பாவின் பையை இரண்டு தடவை திறந்து பார்த்தாள். “தினமும் மாத்திரை போட்டதும் எனக்கு போட்டோ எடுத்து அனுப்பணும். மறந்தா நான் கால் பண்ணுவேன்” என்றாள். ஒரு ஆங்கில வாக்கியம்கூடக் கலக்காமல். நான் கவனித்தேன். காட்டிக்கொள்ளவில்லை.

பெண்ணைக் கூட்டிவரப் போனவர்கள் மீன் கருவாட்டோடு திரும்பினோம். பெட்டியைத் திறந்தபோது என் புடவைகள் மூன்றில் காவ்சியுங் கடற்கரை வாடை வீசியது.

ஞாயிற்றுக்கிழமை மில்பிடாஸ் போனோம். சுந்தர் காரிலேயே இருந்தார். கதவைத் திறந்தது கெவின்தான். நாற்பத்தைந்து வயது இருக்கும். கண்ணாடி, வீட்டு டீஷர்ட். பொட்டலத்தை வாங்கியதும் முகர்ந்து பார்த்தார். ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டார்.

“அம்மா எப்படி இருக்காங்க?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“நல்லா இருக்காங்க” என்றேன்.

பழக்க தோஷம். யோசிக்காமல் வந்துவிட்டது. கெவின் நன்றி சொன்னார். உள்ளே வந்து டீ குடிக்கச் சொன்னார். இன்னொரு நாள் என்று சொல்லிவிட்டுக் காருக்கு வந்தேன்.

“சொல்லிட்டியா?” என்றார் சுந்தர்.

“சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்களே.”

“நித்யாவும் அவங்ககிட்ட அப்படித்தானே கேட்டிருப்பா? அவங்க வாய் தவறிச் சொன்னதாலதானே நமக்குத் தெரிஞ்சுது?”

வண்டியை ஸ்டார்ட் பண்ணினார். நகர்த்தவில்லை. நான் சீட் பெல்ட்டைப் போட்டேன். ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். கழற்றினேன். இறங்கிப் போய் மறுபடி பெல் அடித்தேன்.

வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். படி, மணிக்கட்டு, முழங்கால், குப்பை வண்டி. என் பெண்ணுக்கு அவர் கஞ்சி ஊட்டியது வரை. கெவின் கதவைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். நான் முடித்த பிறகு, கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“மூணு மாசமா அம்மா இடது கையால கப் பிடிக்கிறதைப் பார்த்தேன். கேமராவுல இடம் வலம் மாறித் தெரியுதுன்னு நினைச்சேன்.”

பொட்டலத்தைக் கை மாற்றிப் பிடித்தார்.

“எனக்கு வேலையே கேமரா சாஃப்ட்வேர்தான். அது அப்படி மாறாதுன்னு எனக்குத் தெரியும். மாறியிருக்கும்னு நானே சொல்லிக்கிட்டேன்.”

கெவின் மணிக்கட்டைத் தொட்டு “போய்ப் பார்த்துட்டு வாங்க” என்றேன்.

பத்து நாளில் போனார். நித்யா கால் பண்ணினாள்.

“அம்மா, ஆயி உன்மேல செம கோபத்துல இருக்காங்க. மூணு நாளா உன்னைப் பத்திதான் கம்ப்ளெயின்ட்.”

“கெவின் என்ன பண்றார்?”

“படிக்கு ரெண்டு பக்கமும் கைப்பிடி போட ஆள் கூட்டிட்டு வந்திருக்கார். கை எக்ஸர்சைஸுக்கு ஆயியை டெய்லி கூட்டிட்டுப் போறார். பியானோ கேட்டா குப்பையைத் தூக்கிட்டு ஓடறார். எனக்கு வேலை மிச்சம்.”

இரண்டு வாரம் இருந்துவிட்டு வந்தார் கெவின். அவர் திரும்பிய அன்று சென் ஆயியிடமிருந்து எனக்கு ஒரு மெசேஜ். ஆப் தமிழில்.

“நீ சொல் காப்பாற்றவில்லை. என் மகன் மெலிந்துவிட்டான். நீ அருகில் இருக்கிறாய். அவனைப் பார்த்துக்கொள்.”

இதைவிட நல்ல தமிழ் எனக்கு யாரும் எழுதி நாளாயிற்று. போன வாரம் மில்பிடாஸுக்கு ஒரு டப்பா தக்காளி சாதம் போயிருக்கிறது.

யோசித்துப் பார்க்கிறேன். தூரத்தில் இருப்பவர்கள் எல்லோரும் வாராவாரம் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்கிறோம். முகம் தெரிகிறது, குரல் கேட்கிறது, பின்னால் இருக்கும் ஃப்ரிட்ஜில் ஒட்டிய காந்தம்கூடத் தெரிகிறது. ‘நல்லா இருக்கோம்’ என்று சொல்லி வைத்துவிடுகிறோம். கவலைப்படுத்தக் கூடாது என்ற அன்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த அன்பில் ஒருத்தர் ஆஸ்பத்திரியில் தனியாகப் படுத்துக்கிடக்க வேண்டியிருக்கிறது. நாமக்கல்லில் இருக்கும் என் அம்மாவிடம் இவருடைய ஸ்டென்ட் பற்றி நான் இன்னும் சொல்லவில்லை என்பதையும் இங்கேயே ஒப்புக்கொள்கிறேன். இந்த வாரம் சொல்கிறேன்.

நித்யா இன்னும் ஒரு வருஷம் அங்கேதான் இருக்கப் போகிறாள். ஃபோனிலேயே நேராகச் சொன்னாள். சுந்தர் ப்ளெசன்டன் நண்பரைக் கூப்பிட்டு, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். இப்போதெல்லாம் காலையில் அவர் காபியிடம் எதுவும் கேட்பதில்லை.

போன சனிக்கிழமை வீடியோ காலில் நித்யா எடுத்த எடுப்பிலேயே சொன்னாள். “அம்மா, எனக்குச் சளி. தொண்டை வலி. லேசா ஜுரம்.”

பெற்ற பெண்ணுக்கு ஜுரம் என்று கேட்டு ஒரு தாய் இவ்வளவு சந்தோஷப்படலாமா என்று தெரியவில்லை. நான் பட்டேன்.